பிரிஸ்பேனில் ஒரு மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் முழுவதும் நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்தோம். மகன், மகள் என்று யாரும் அங்கே இல்லை. ஊர் பார்க்கத்தான் போனோம். திரும்பியதிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் சம்பந்திகள் என்று பலரும் போன் செய்து கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதிவைத்தேன்.

சிட்னி, மெல்போர்னை விட்டுவிட்டு ஏன் பிரிஸ்பேன்?

சிட்னிக்கு ஓபரா ஹவுஸ் இருக்கிறது. பிரிஸ்பேனில் அப்படி ஒரு கட்டடத்தைக் காட்டி இதுதான் ஊர் என்று சொல்ல முடியாது. அதனாலேயே பல சுற்றுலாத் திட்டங்களில், கோல்ட் கோஸ்ட் என்ற கடற்கரை நகரத்துக்குப் போகிற வழியில் ஒரு ராத்திரி தங்கும் இடமாக இது முடிந்துவிடுகிறது.

அங்கே இருப்பது ஆறு. வரைபடத்தில் பார்த்தால், யாரோ ஜிலேபி பிழிய ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போனதுபோல் ஊரின் நடுவே வளைந்து வளைந்து போகிறது. நகர மையம் மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த ஒரு மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூக்குக்குப் பழங்குடி மக்கள் வைத்த பெயர் மீஆஞ்சின். கூர்முனை போன்ற இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் மைவார். 1823ல் ஜான் ஆக்ஸ்லி என்ற அளவையாளர் வந்து, அப்போது நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்த தாமஸ் பிரிஸ்பேனின் பெயரை ஆற்றுக்குச் சூட்டினார். ஆற்றின் பெயர் பிறகு ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 1825ல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய குடியிருப்புதான் இன்றைய நகரம்.

ஒரு மாதம் அதிகமில்லையா?

பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டால் நாலு நாளில் முடிந்துவிடும். நாங்களும் முதல் வாரம் அப்படித்தான் ஓடினோம். இரண்டாவது வாரத்தில்தான் சனிக்கிழமைச் சந்தையில் எந்தக் கடையில் கீரை நன்றாக இருக்கும், படகில் எந்தப் பக்கம் வெயில் படாது என்பதெல்லாம் தெரிந்தது. படகில் கயிறு கட்டும் பெண் எங்களைப் பார்த்தால் தலையாட்ட ஆரம்பித்தாள். ஊருக்கு வெளியே போய்வரவும் அவசரப்படாமல் நாள் கிடைத்தது. மூன்று வாரம் இருந்தாலும் போதும்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு வீடு எடுத்தால் வாடகையில் தள்ளுபடி தருகிறவர்கள் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை: பகலில் 30 டிகிரி, புழுக்கம், மாலையில் இடிமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்கள் குளிர்காலம் என்று சொல்வார்கள். பகலில் 21 டிகிரி, விடிகாலையில் 10. ஸ்வெட்டர் ஒன்று போதும்.

நான் அக்டோபரைத்தான் சொல்வேன். காரணம் ஜக்கரண்டா. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை ஊரெல்லாம் ஊதாப் பூ. நியூ ஃபார்ம் பூங்காவிலும் செயின்ட் லூசியாவில் இருக்கும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்திலும் தரையே தெரியாது. அது தேர்வுக் காலம் என்பதால், பூ விழும்போதும் படிக்க ஆரம்பிக்காதவன் தேறமாட்டான் என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இந்த மரம் அந்த மண்ணைச் சேர்ந்ததே இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1864ல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் வால்டர் ஹில் நட்டதுதான் முதல் மரம் என்கிறார்கள். அந்த மரம் புயலில் விழுந்துவிட்டது. ஆனால் அதன் அடியில் ஒரு ஜோடி உட்கார்ந்து தேநீர் குடிப்பதை காட்ஃப்ரி ரிவர்ஸ் 1903ல் ஓவியமாக வரைந்தார். அது குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் தொங்குகிறது. காலையில் பூங்காவில் பூவைப் பார்த்துவிட்டு மத்தியானம் அந்த ஓவியத்தின் முன்னால் போய் நில்லுங்கள்.

விசா, விமானம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 600 வகை வருகையாளர் விசா. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு செல்போன் செயலியிலேயே மின் அனுமதி. நாங்கள் சிங்கப்பூரில் விமானம் மாறினோம். அங்கிருந்து எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேரம் நமக்கு நாலரை மணி முன்னால். சிட்னியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பார்கள், பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கிடையாது.

பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். விமானத்தில் தரும் படிவத்தில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியுங்கள். அவ்வளவுதான். கொண்டுபோவதில் தப்பில்லை, சொல்லாமல் கொண்டுபோவதற்குத்தான் அபராதம், அதுவும் பெரிய தொகை. அரைத்த பொடிகள், கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத ஊறுகாய் இவற்றைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பால் சேர்த்த இனிப்புகள், பச்சைக் கறிவேப்பிலை, விதைகள் வேண்டாம். என் மனைவி ஒரு டப்பா பால்கோவாவைத் துணிக்கு நடுவே வைத்திருந்தது எனக்கே அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் தெரியும். நாங்களாகவே எடுத்துக் கொடுத்தோம், குப்பையில் போட்டார்கள், சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். நவராத்திரிக்கு எழுதிவைத்து வாங்கிய பால்கோவா.

கறிவேப்பிலைக்குக் கவலைப்படாதீர்கள். அந்தத் தட்பவெப்பத்தில் செடி நன்றாக வளர்கிறது. இந்திய மளிகைக் கடைகளில் கொத்தாகக் கிடைக்கும், விலைதான் வயிற்றைக் கலக்கும்.

எங்கே தங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுங்கள். வெஸ்ட் எண்ட், டூவாங், நியூ ஃபார்ம், டெனரிஃப், ஹாதோர்ன், புலிம்பா எதுவானாலும் சரி. நகர மையத்தில் ஹோட்டல் எடுத்தால் லிஃப்ட்டும் கார்ப்பரேட் ஆட்களும்தான் தெரியும்.

நாங்கள் வெஸ்ட் எண்டில் இருந்தோம். கிரேக்கர்கள் வந்து குடியேறிய பழைய பேட்டை. பிறகு வியட்நாம்காரர்கள் வந்தார்கள், இப்போது எல்லாரும். ‘குயின்ஸ்லாண்டர்’ என்று சொல்லப்படும் பழைய மர வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. கட்டைக்கால் மேல் தூக்கிக் கட்டியவை, சுற்றிலும் தாழ்வாரம், மேலே தகரக் கூரை. அடியில் காற்று ஓடும், கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும், வெள்ளம் வந்தாலும் ஓரளவு தப்பிக்கும். மழை பெய்யும்போது அந்தத் தகரத்தின் அடியில் இருந்தால் பேசுவது காதில் விழாது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். மாத வாடகை என்று நினைத்து நான் ஒரு வீட்டைப் பார்த்து மகிழ்ந்துபோனது இன்னும் வீட்டில் சொல்லிக் காட்டப்படுகிறது. இரண்டாவது, ‘ஆறு தெரியும்’ என்று விளம்பரம் இருந்தால் எந்த ஜன்னலிலிருந்து என்று கேளுங்கள். எங்களுக்குக் குளியலறையிலிருந்து தெரிந்தது, ஸ்டூல் போட்டு ஏறினால்.

ஊருக்குள் போய்வர எவ்வளவு ஆகும்?

ஒரு பயணத்துக்கு 50 சென்ட். பேருந்து, ரயில், டிராம், படகு எல்லாவற்றுக்கும், எவ்வளவு தூரமானாலும். 2024 ஆகஸ்ட் 5ல் சோதனை முயற்சியாகக் கொண்டுவந்து, பிறகு நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒரு காபியின் விலையில் பத்து தடவைக்கு மேல் போய்வரலாம். வங்கி அட்டையையோ போனையோ தட்டினால் போதும். இருக்கட்டும் என்று கோ கார்டு என்ற பயண அட்டையும் ஆளுக்கொன்று வாங்கிவைத்தோம். இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். விமான நிலைய ரயில் மட்டும் தனியார் நிறுவனம், அதற்குக் கட்டணம் தனி, அதிகம்.

‘மெட்ரோ’ என்று பலகையைப் பார்த்துப் படிக்கட்டு தேடாதீர்கள். அது மூன்று பெட்டி நீளமுள்ள மின்சாரப் பேருந்து. பெயர் வைத்தவரைச் சந்தித்தால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நகர மையத்தில் வழி தவறவே முடியாது. ஒரு திசையில் போகும் தெருக்களுக்கெல்லாம் பெண் பெயர்கள்: ஆன், அடிலெய்ட், எலிசபெத், சார்லெட், மேரி, மார்கரெட், ஆலிஸ். குறுக்கே போகிறவை ஆண் பெயர்கள்: வில்லியம், ஜார்ஜ், ஆல்பர்ட், எட்வர்ட். மையத்தை விட்டு வெளியே வந்தால்தான் குழப்பம். ஆற்றை இடப்பக்கம் வைத்து நடந்தால் பத்து நிமிடத்தில் வலப்பக்கமும் ஆறு இருக்கும்.

படகு பற்றித்தான் அதிகம் பேசுகிறீர்கள். அப்படி என்ன அதில்?

சிட்டிகேட் என்று பெயர், இரட்டை அடித்தளம் கொண்ட வேகப்படகு. 1996லிருந்து ஓடுகிறது. மேற்கே குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் புறப்பட்டு, கிழக்கே நார்த்ஷோர் ஹாமில்டன் வரை போகும். முழுதும் போக ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளோடு ஏறுகிறவர்கள் என்று நம்மூர் டவுன் பஸ் மாதிரி கூட்டம். முன்னால் திறந்த தளத்தில் நிற்க இடம் பிடியுங்கள். கண்ணாடிக் கோபுரங்கள், காங்கரூ பாயின்ட்டின் செங்குத்துப் பாறை, அதில் கயிறு கட்டித் தொங்குகிறவர்கள், அப்புறம் ஸ்டோரி பாலம். இரும்புச் சட்டங்களால் ஆன பாலம், 1940ல் திறந்தது. வடிவமைத்தவர் சிட்னி துறைமுகப் பாலத்துக்குப் பின்னால் இருந்த அதே ஜான் பிராட்ஃபீல்ட். அதன் அடியில் படகு நுழையும்போது தலைக்கு மேலே லாரி போகும் அதிர்வு கேட்கும்.

இதைத் தவிர, மையத்தைச் சுற்றி சிட்டிஹாப்பர் என்ற சின்னப் படகு ஓடுகிறது. அதற்கு 50 சென்ட்டும் கிடையாது, இலவசம்.

மாலை ஐந்து மணிக்கு வெஸ்ட் எண்டில் ஏறி, கடைசித் துறை வரை போய், அதே படகில் விளக்கெல்லாம் எரிந்தபின் திரும்பி வருவோம். வாரத்துக்கு மூன்று தடவையாவது. இரண்டு பேருக்கும் சேர்த்து 2 டாலர்.

ஆற்றில் குளிக்கலாமா?

கூடாது. கடல் ஏற்றவற்றம் ஊரைத் தாண்டி வெகுதூரம் உள்ளே வருகிற ஆறு அது. அதனுடன் காளைச் சுறாவும் வரும். உப்புநீர், நன்னீர் இரண்டிலும் வாழக்கூடிய ரகம். தண்ணீரும் காபி நிறம். உள்ளூர்க்காரர்களே ‘பழுப்புப் பாம்பு’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள்.

குளிக்க ஆசையென்றால் சவுத் பேங்கில் ஆற்றங்கரையை ஒட்டி மணல் கொட்டிச் செயற்கைக் கடற்கரையே கட்டியிருக்கிறார்கள். கட்டணமில்லை, உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், எதிர்க்கரையில் வானளாவிய கட்டடங்கள். 1988ல் உலகக் கண்காட்சி நடந்த இடம் இது. முடிந்ததும் வணிக வளாகம் கட்டப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை, 1992ல் பூங்காவாகத் திறந்தது. கண்காட்சிக்காக நேபாளக் கைவினைஞர்கள் மரத்தில் செதுக்கிய அமைதிக் கோயில் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்த இரும்புக் கம்பங்களில் காகிதப்பூவை ஏற்றிப் பந்தல் போட்டிருக்கிறார்கள். நம் காம்பவுண்ட் சுவர்களில் படரும் அதே காகிதப்பூதான், ஆனால் அந்த ஒழுங்கு.

வெள்ளம் வரும் என்கிறார்களே?

வரும். 1893, 1974, 2011, 2022 என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஆண்டுகளை வரிசையாகச் சொல்வார். நகர அளவுகோலில் 1974ல் 5.45 மீட்டர், 2011ல் 4.46, 2022ல் 3.85. 1974க்குப் பிறகு மேலே வைவன்ஹோ அணையைக் கட்டினார்கள். நீர்மட்டம் கொஞ்சம் குறைந்ததே தவிர வெள்ளம் நிற்கவில்லை. அணைக்குக் கீழே வந்து சேரும் கிளை ஆறுகளை யார் தடுப்பது?

நியூ ஃபார்ம் பக்கம் ஆற்றின்மேல் நடைபாதை ஒன்று உண்டு. முன்பு அது மிதவைப் பாதையாக இருந்தது. 2011 வெள்ளத்தில் அதிலிருந்து 300 மீட்டர் நீளத் துண்டு அறுந்து ஆற்றோடு போக ஆரம்பித்தது. கீழே பாலத் தூண்கள் இருக்கின்றன. ஒரு சின்ன இழுவைப் படகு பின்னாலேயே போய், அதை முட்டி முட்டித் திருப்பி, பாலத்தில் மோதாமல் கடல் வரை கொண்டுபோய் விட்டது. ஊரே டிவியில் மூச்சைப் பிடித்துப் பார்த்ததாம். 2014ல் திறந்த இப்போதைய பாதை மிதப்பதில்லை, ஆற்றுப் படுகையில் கால் ஊன்றி நிற்கிறது. காலையில் நடக்க எங்களுக்கு மிகப் பிடித்த இடம்.

பெரிய வெள்ளங்கள் எல்லாமே ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி வந்தவை. அக்டோபரில் பயப்பட வேண்டியது ஆலங்கட்டி மழைக்கு. ஒரு மத்தியானம் மேகம் பச்சை நிறத்துக்கு மாறியது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து காரைக் கூரைக்குள் விட்டார். அவர் கணக்கு தப்பவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? நாங்கள் சைவம்.

சமையலறையோடு வீடு எடுத்ததால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சனிக்கிழமை காலை டேவீஸ் பூங்காவில், பெரிய அத்தி மரங்களுக்கு அடியில் சந்தை கூடும். காய், கீரை, காளான், ரொட்டி எல்லாம் கிடைக்கும். அக்டோபரில் ஸ்ட்ராபெரி பருவம் முடியும் நேரம், மலிவாகத் தள்ளிவிடுவார்கள். மாம்பழம் அப்போதுதான் வடக்கேயிருந்து வர ஆரம்பிக்கும். கென்சிங்டன் பிரைட் என்று ஒரு ரகம், போவன் மாம்பழம் என்றும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிப்போன கப்பல்கள் திரும்பும்போது கொண்டுவந்த வகை என்று ஒரு கதை இருக்கிறது. வாசனையை வைத்துச் சொன்னால் நம்பலாம். மக்கடாமியா பருப்பு அந்தப் பகுதியிலேயே காடாக வளர்ந்த மரம். வறுத்தது ஒரு பொட்டலம் வாங்கி, உப்புமாவில் முந்திரிக்குப் பதிலாகப் போட்டோம். குற்றமில்லை.

வெளியே சாப்பிட சன்னிபேங்க் போங்கள். தைவான், சீன, மலேசியக் கடைகள் அடுத்தடுத்து. இனாலா வியட்நாம் சந்தை. இங்கெல்லாம் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறு சேர்ப்பீர்களா என்று தனியாகக் கேளுங்கள். தோசை கிடைக்கும் இடங்கள் உண்டு. நாங்கள் ஒரு தடவை போனோம், தோசை பரவாயில்லை, சாம்பாரைப் பற்றிப் பேச வேண்டாம்.

கோலாவைத் தூக்கிப் படம் எடுக்கலாமா?

லோன் பைன் சரணாலயத்தில் பல ஆண்டுகள் அதுதான் விசேஷமாக இருந்தது. 2024ல் நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சரியாகத்தான் படுகிறது; ஒரு நாளில் பெரும்பகுதி தூங்குகிற பிராணியை ஆள் மாற்றி ஆள் தோளில் போட்டால் அதற்கு எப்படி இருக்கும்? பக்கத்தில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். 1927ல் இரண்டு கோலாக்களோடு தொடங்கிய இடம். கங்காருக்களுக்கு நம் கையாலேயே தீனி கொடுக்கலாம். பேருந்திலேயே போய்விடலாம்.

பாம்பு, பூச்சி தொல்லை உண்டா?

வனப்பகுதிகளில் விஷப்பாம்பு உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள். நகரத்துக்குள் நாங்கள் பயந்தது மேக்பைக்குத்தான். கறுப்பு வெள்ளைப் பறவை, காக்கையைவிடக் கொஞ்சம் சின்னது, குரல் புல்லாங்குழல் மாதிரி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டுக்குக் கீழே போகிறவர்களைப் பின்னாலிருந்து வந்து கொத்தும். ஆர்லி பூங்காவில் என் மனைவியின் கொண்டையில் ஒரு அடி விழுந்தது. மறுநாளிலிருந்து குடை. சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டில் முள்ளம்பன்றி மாதிரி பிளாஸ்டிக் கட்டுகளைக் குத்திக்கொண்டு போவது இதற்காகத்தான் என்று அப்புறம் புரிந்தது.

குப்பைத்தொட்டியைக் கிளறும் வெள்ளை அரிவாள்மூக்கன், தோட்டத்தை வாரிப் புரட்டும் காட்டு வான்கோழி, இரவில் கூரைமேல் தடதடக்கும் போசம் என்ற மரமேறும் பிராணி, அந்தியில் ஆற்றின்மேல் கூட்டமாகப் போகும் பழவௌவால் இவையெல்லாம் தினசரி. முதல் ராத்திரி சுவரில் ‘டிக் டிக்’ என்று பல்லி கத்தியதும் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். ஆசியப் பல்லிதான், கப்பலேறி வந்து அங்கே குடும்பம் நடத்துகிறது.

காசு செலவில்லாமல் பகலைக் கழிக்க?

நிறைய. குயின்ஸ்லாந்து கலைக்கூடமும் 2006ல் திறந்த நவீனக் கலைக்கூடமும் ஒன்றையொட்டி ஒன்று, நுழைவு இலவசம், ஏசி. ஆசிய பசிபிக் கலைக்கென்று 1993 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் கண்காட்சி இந்த இடத்துக்குத் தனி அடையாளம். பக்கத்திலேயே மாநில நூலகம், ஆற்றைப் பார்த்த நாற்காலிகள். நான் பல மத்தியானங்களை அங்கே தூங்கிக் கழித்தேன்.

1930ல் திறந்த நகர மண்டபத்தில் கடிகாரக் கோபுரத்துக்குப் பழைய லிஃப்டில் இலவசமாக அழைத்துப் போவார்கள். விக்ஹாம் டெரஸில் 1820களில் கைதிகள் கட்டிய காற்றாலை இருக்கிறது. காற்றில்லாத நாளில் கைதிகளையே மிதிக்க வைத்து மாவரைத்தார்களாம். வெளியிலிருந்து பார்க்க அழகான வெள்ளைக் கோபுரம்.

கூட்தா மலை உச்சிக்கு மாலையில் போங்கள். மலை என்று சொல்வது மரியாதைக்குத்தான், 287 மீட்டர். ஆனால் ஆறு முழு ஜிலேபியாகத் தெரிவது அங்கிருந்துதான்.

கேபா மைதானம் போனீர்களா?

போகாமலா? நாங்கள் இருந்தபோது டெஸ்ட் எதுவும் இல்லை, வெளியே நின்று பார்த்ததோடு சரி. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத மைதானமாக இருந்தது அது. 2021 ஜனவரி 19ல் இந்தியா 328 ரன்னைத் துரத்திப் பிடித்து அதை முடித்துவைத்தது. முக்கியமானவர்கள் எல்லாரும் காயம்பட்டுக் கிடக்க, வலைப்பயிற்சிக்குப் பந்து போட வந்த சேலத்து நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் அந்த ஆட்டத்தில்தான் டெஸ்டில் அறிமுகமானார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 ரன் வேறு. 2024 டிசம்பர் 18ல் 537 விக்கெட்டோடு அஸ்வின் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெறுவதாகச் சொன்னதும் இதே இடத்தில்தான். 2032 ஒலிம்பிக்ஸுக்காக விக்டோரியா பூங்காவில் புது அரங்கம் கட்டப்போகிறார்கள், அதற்கப்புறம் கேபாவை இடித்துவிடும் திட்டம். பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

ஊருக்கு வெளியே எங்கே போகலாம்?

கோல்ட் கோஸ்ட்டுக்கு ரயிலில் ஹெலன்ஸ்வேல், அங்கிருந்து டிராம். எல்லாம் சேர்த்து அதே 50 சென்ட். கடலைப் பார்த்தோம், சாயங்காலமே திரும்பிவிட்டோம். அங்கே உயரமான கட்டடங்களின் நிழல் மணலில் விழுவது எனக்கு ரசிக்கவில்லை.

மின்ஜெரிபா தீவுக்கு, அதாவது நார்த் ஸ்ட்ராட்புரோக்குக்கு, இரண்டு நாள் ஒதுக்குங்கள். கிளீவ்லேண்ட் வரை ரயில், பிறகு துறைமுகத்துக்குப் பேருந்து, அங்கிருந்து படகு. இந்தப் படகுக்குக் கட்டணம் தனி. பாயின்ட் லுக்அவுட்டில் பாறை விளிம்பைச் சுற்றி ஒரு மரப்பாதை உண்டு, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அக்டோபரில் கூனல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பும் காலம். நாங்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் தண்ணீர்ப் புகை, அப்புறம் ஒரு கறுப்பு முதுகு, அதன் பக்கத்தில் சின்ன முதுகு. பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத ஐந்தாறு பேரும் ஒன்றாகக் கத்தினோம். 1964ல் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட முதல் ஆஸ்திரேலியப் பழங்குடிக் கவிஞர் ஊஜெரூ நூனக்கல் இந்தத் தீவுக்காரர்.

லாமிங்டன் மழைக்காடு போன்ற இடங்களுக்குக் கார் வேண்டும். நம்மைப்போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், ஆங்கிலத்தில் உள்ள நம் உரிமம் சுற்றுலா வந்தவர்களுக்குச் செல்லும். சுங்கச்சாவடியில் காசு வாங்க ஆள் கிடையாது, கேமராதான். வாடகைக் கார்க்காரரிடம் முதலிலேயே கேட்டுவையுங்கள். எங்களுக்கு ஊர் வந்தபிறகு பில் வந்தது.

தமிழர்கள், கோயில்?

இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து போனவர்கள் கணிசம். தெற்கே சவுத் மக்லீனில் செல்வ விநாயகர் கோயில் இருக்கிறது. பேருந்தை நம்பிப் போக முடியாத தூரம்; தெரிந்தவர் காரில் போனோம். சுற்றிலும் பண்ணை வெளி, வேலிக்கு அப்பால் குதிரைகள், நடுவில் நாதஸ்வர ஒலி.

உடம்புக்கு முடியாமல் போனால்?

பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள், மருத்துவர் கட்டணம் மிரட்டும். அவசரத்துக்கு 000. 13 43 25 84 என்ற எண்ணில் எந்நேரமும் செவிலியர் ஆலோசனை சொல்வார். எங்களுக்கு வந்ததெல்லாம் வெயில் கோளாறுதான். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று தொப்பி போடாமல் திரிந்தேன், மூக்கு உரிந்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

சாயங்காலம் கடைகளெல்லாம் மூடிவிடுமாமே?

ஆமாம். காபிக்கடை காலை ஆறுக்குத் திறக்கும், மத்தியானம் இரண்டு மூன்றுக்கு நாற்காலியைக் கவிழ்த்துவிடுவார்கள். நாலு மணிக் காபி என்ற பழக்கத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். துணிக்கடைகள் ஐந்துக்கு. அதற்கு ஈடாகக் காலை மிகச் சீக்கிரம் ஆரம்பமாகிறது. அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஐந்தரைக்கு ஆற்றங்கரையில் ஊரே நடந்துகொண்டிருக்கும். காலையில் எழுந்து பழகிய நம் பெரியவர்களுக்கு ஏற்ற ஊர்.

மிச்சமான கோ கார்டு இருந்தால் கொடுப்பீர்களா?

இதைக் கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர். என் கார்டில் 8 டாலர் இருக்கிறது, அதாவது 16 பயணம். பீரோவில் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். கொடுப்பதாக இல்லை.